நூற்றில் பதினொன்று

லட்லோவில் டீம் ஆறு தடுப்பணையைத் தாண்டும் இடத்தில்
ஒரு பலகை.
காலை ஏழரைக்குள் அது பச்சையா சிவப்பா என்று
நான் சொல்லியாக வேண்டும்.

என் கையில் இருப்பவை:
மேலே நைட்டனில் இரவு பெய்த மழை, பன்னிரண்டு மில்லிமீட்டர்.
கழிவுக் குழாய் திறந்திருந்த நேரம், நாற்பது நிமிடம்,
உணரி பொய் சொல்லவில்லை என்றால்.
கரையோர மாடுகள், குத்துமதிப்பாக.
வெயில் கிருமியைக் கொல்லும். அந்தக் கட்டம்
பெரும்பாலும் காலி.

இல்லாதது தண்ணீர் மட்டும்தான்.
புட்டியில் பிடித்து அனுப்பினால்
ஆய்வகத் தட்டில் புள்ளி புள்ளியாய் முளைத்துப்
பதில் வர இரண்டு நாள்.
அதற்குள் அந்தத் தண்ணீர் செவர்னில் கலந்து
கடலைப் பார்க்கப் போயிருக்கும்.
போய்விட்ட ஆற்றுக்கே எப்போதும் சான்றிதழ்.

டிலிஸ் பெவனுக்கு இதெல்லாம் வேண்டாம்.
தபால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மஞ்சள் தொப்பியோடு,
"இறங்கலாமா, கூடாதா?"

அந்தத் திங்கள் என் கணக்கு
பூச்சியம் புள்ளி ஒன்று ஒன்று.
இருபதைத் தொடவில்லை. பச்சை.
செவ்வாய் அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள்.
புதன் தட்டில் எண்ண முடியாத புள்ளிகள்.

"கணிப்பு தப்பில்லை" என்றான் ரூபன் ஆஷ்டவுன்.
வரைபடத்தையும் காட்டினான்:
பதினொன்று என்று நாம் சொன்ன காலைகளில்
நூற்றுக்குப் பதினொன்று கெட்டுத்தான் இருக்கின்றன.
உண்மைதான்.
அந்த உண்மையை எடுத்துக்கொண்டு
எந்த முகத்தோடு அவள் கதவைத் தட்டுவது?

இரவு உட்கார்ந்து மறுபடி ஓட்டினேன்.
மூன்று வாரக் காய்ச்சலுக்குப் பின் வரும் முதல் மழை,
சாலை எண்ணெய், சாணம், சாக்கடை அடிமண்டி
எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருமே, அதுதான்.
அதன் எடையை நான் குறைத்துப் போட்டிருந்தேன்.
என் மொழி இதைப் புதுப்புனல் என்றது.
பூச்சூடிப் போய் விழுந்து ஆடியது.
கோப்பில் இதன் பேர் ஏழாம் மாறி.
எடையைக் கூட்டும்போது கை சற்றுத் தயங்கியதற்கு
எந்த நெடுவரிசையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்,
டிலிஸ் வந்தாள். மெலிந்திருந்தாள்.
பலகையைப் பார்க்கவில்லை.
"நிறம் வேண்டாம். எண் என்ன?"
"பதினான்கு."
ஆற்றை ஒரு முறை பார்த்தாள்.
தொப்பியை இழுத்து மாட்டி,
வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கினாள்.

அவள் கலக்கிய இடத்தில் ஒரு புட்டி பிடித்தேன்.
வியாழக்கிழமை தெரியும்.