பதினொன்றாம் தட்டு

இடுப்பளவு குழி தோண்டிவிட்டாள் ராக்ன்ஃப்ரிட்.
வடக்குச் சரிவு, முப்பத்தாறு பாகை.
கீழே கடற்கழியில் ஒரு மீன்படகு,
அரிசிமணி அளவு.

பனிச்சுவரில் தூண் ஒன்றை அறுத்து
உச்சியில் மண்வாரியை வைத்துத் தட்டுகிறாள்.
மணிக்கட்டிலிருந்து பத்து.
அசையவில்லை.
எய்லர்ட் சிகரத்தையே பார்க்கிறான்.
நான்கு மணிநேரம் ஏறியிருக்கிறோம்.
இனி முழங்கையிலிருந்து.
பதினொன்று

மேசை இழுப்பறை போல
வழுக்கி வெளியே வந்தது மேற்பாளம்.

முறிந்த இடத்தில் லென்ஸை வைத்தாள்.
இறகு இறகாய், நகக்கண் பருமனில் படிகங்கள்.
"ஜனவரி பத்தொன்பது" என்றாள்.

அந்த இரவு எனக்கும் தெரியும்.
காற்றே இல்லை. வானமெங்கும் பச்சை ஒளி நெளிந்தது.
காபி ஆறிப்போக
மரவீட்டு வாசலிலேயே நின்றிருந்தோம் மூவரும்.
வெண்பரப்பில் உறைபனி பூத்து வந்ததை
முதலில் கண்டது எய்லர்ட்தான்.
"மிதிக்காதீங்க,
காலையில படம் எடுக்கணும்."

இங்கேயும் அதே இரவுதான் பூத்திருக்கிறது.
ஒரு காற்று வந்து கலைத்திருக்கலாம்.
வரவில்லை.
அதன்மேல் அறுபது சென்டிமீட்டர் பெய்து மூடிவிட்டது,
குலையாமல்.

குறிப்பேட்டில் எழுதினேன்: பதினொன்று, சுத்தமான முறிவு.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
எய்லர்ட் குழியைத் தூர்த்தான், தேவைக்கும் அதிக நேரம்.
பிறகு ஸ்கீயைத் திருப்பினான்
வந்த தடத்தின் பக்கம்.