காலணி அறைச் சாவி

பெண்பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று
வந்த அன்றே காலணியை வாங்கி வைத்துவிடுகிறது பள்ளி.
சலவை அறைக்கு அடுத்த கதவு.
பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிகள்.
சாவி என் இடுப்பில்.

மரமில் மூடிய வருஷம் இந்த வேலைக்கு வந்தேன்.
மணிக்குப் பதினாறு டாலர்
இரவென்றால் ஒன்று கூட.
பலகை எண்ணிப் பழகிய கண்
மூச்சு எண்ணப் பழகிக்கொண்டது.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கட்டில் கட்டிலாக.
கையோ கழுத்தோ கொஞ்சம் தோல் தெரிய வேண்டும்
போர்வை மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும்
அப்புறம்தான் தாளில் டிக்.

டெல்ஃபின் வந்தது ஓர் அக்டோபரில்.
ஒஹாயோவில், விடிகாலை நான்கு மணிக்கு
அவள் அறை விளக்கைப் போட்டவர்கள்
பிள்ளைகளைக் கொண்டுசேர்க்கும் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர்.
அப்பா ஹாலில் நின்று
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
அவசரத்தில் மாட்டிய ஷூ:
இடதில் பச்சை லேஸ், வலதில் லேஸே இல்லை.
ரப்பர் செருப்பைக் கொடுத்துவிட்டு எழுதினேன்
ஒரு ஜோடி. அழுக்கு.

முதல் வாரம் அவள் தூங்கவே இல்லை.
டார்ச் வருமுன்பே "உயிரோட இருக்கேன்" என்பாள்
வகுப்பில் பெயர் கூப்பிட்ட மாதிரி.
இரண்டாம் வாரம்:
"இன்னும் இருக்கேன். ஏமாற்றமா?"
இரவுப் பணியாளர் பதில் பேசக் கூடாது
தொடக் கூடாது
கட்டிலில் உட்காரக் கூடாது.
டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
அதைப்பற்றி விதி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பகல் எனக்குத் தெரியாது.
வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்களாம்
குதிரைக்குச் சீப்புப் போடுகிறார்களாம்.
காலையில் நான் கிளம்பும்போது மேசையில் குறிப்பு கிடக்கும்:
"டெல்ஃபின் இன்று தன் கோபத்துக்குப் பெயர் வைத்தாள்."
என்ன பெயர் என்று எழுத மாட்டார்கள்.
மூன்றாம் நிலைக்கு ஏறினாள்.
பத்து நிமிடம் தொலைபேசி, சாப்பாட்டுக்கு உப்பு தானே போட்டுக்கொள்ளலாம்.
ஒரு ஸ்பூன் காணாமல் போனது, ஒன்றாம் நிலைக்கு இறக்கினார்கள்.
மே மாதம் ஸ்பூன் கிடைத்தது
பாத்திரம் கழுவும் எந்திரத்தின் அடியில், கறுத்துப்போய்.
பதிவேட்டில் நான் எழுதி வைத்தேன்.
மறுநாள் அந்தப் பக்கம் இல்லை.

அவளுடைய இரண்டாவது ஜனவரி.
இரவு இரண்டு பத்துக்கு நெருப்பு மணி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பதினேழு பேர், ரப்பர் செருப்பில், பனியில்.
விதிப் புத்தகம் என்ன சொல்கிறதென்று
நான் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னால் பொய்.
அறையைத் திறந்தேன்
பெட்டிகளைப் படிக்கட்டில் கவிழ்த்தேன்.
மார்குரீட், ஷைலா, ட்வைலா, வேறு யார் யாரோ
இருட்டில் ஜோடி தேடிக் கத்தினார்கள்
ஒருத்தி சிரித்தாள்.
தீயணைப்பு வண்டிக்காக வாசல் கேட் விரியத் திறந்து கிடந்தது.
அதற்கப்பால் சாலை
சாலைக்கப்பால் முந்நூறு மைல் மொன்டானா.
ஒருத்தியும் போகவில்லை.

டெல்ஃபின் மட்டும் உட்கார்ந்தபடி
குதிகாலைத் திணித்துத் திணித்துப் பார்த்தாள்.
"இது யாரோடது?"
"உன்னுடையது."
பச்சை லேஸைப் பார்த்தாள். பெட்டியில் தன் பெயரைப் பார்த்தாள்.
கையில் வைத்துக்கொண்டு நின்றாள்
வண்டி வந்து, ரொட்டி கருகிய புகை என்று
சொல்லிவிட்டுப் போகும்வரை.
என் கம்பளிக் காலுறையைக் கழற்றிக் கொடுத்தேன்
அதற்கு விதி உண்டு.

காலையில் எச்சரிக்கைக் கடிதம் வரும், தெரியும்.
மூன்றே காலுக்குச் சுற்று வந்தேன்.
பதினாறு பேர் தூக்கம்.
கடைசிக் கட்டிலில் டார்ச்சைக் கூரைக்குத் திருப்பினேன்.
போர்வைக்குள்ளிருந்து வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு
"எட்டரை இருக்கும்னு நினைக்கிறேன்."

தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்.