மனு எண் நாற்பத்தொன்று

வீட்டுக்கு மஞ்சள், ஆலைக்கு ஊதா,
வயலுக்கு இளம்பச்சை.
கடைக்கு நீலம்.
தண்ணீருக்கும் நீலம்தான், கொஞ்சம் வெளிறியது.
ஊரமைப்பு அலுவலகத்தில் பதினோரு வருஷம்
இந்த வர்ணங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு நீலம் இன்னொரு நீலமாய் மாறிப்போன தாள்கள்
என் கையையும் கடந்துதான் போயிருக்கின்றன.

இப்போது எல்லாம் திரையில்.
சுட்டியை ஒரு தட்டு தட்டினால்
குளம் மனையாகிவிடும்.
ஈரம் காயக் காத்திருக்க வேண்டியதில்லை.

நொச்சிப்பேரி, புல எண் 212.
குளத்துக்குக் கீழே நூற்றெட்டு ஏக்கர் நன்செய்.
பதினாறு வருஷமாய்த் தரிசு என்று
கட்டுக்கட்டாய் ஆதாரம் வைத்திருக்கிறார்கள்.
மடையை அடைத்தால் தரிசுதான்.
அடைத்தது யார் என்ற கேள்விக்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

வரைவுத் திட்டத்தை ஒட்டி
அறுபது நாள் அவகாசம் கொடுத்தோம்.
மனுக்கள் வந்தன.
பேட்டை தங்கபுஷ்பம் எழுதியிருந்தார்:
‘எங்க தெருவுக்கு மொதல்ல பஸ் வரட்டும்.
பொறவு ஊரை இன்னும் அகலமாக்குங்க.’
ஒரு மனுவில் பெயரே இல்லை:
‘மார்கழி வெள்ளம் எம்புட்டு உயரம் வந்துதுன்னு
செவத்துல கோடு போட்டு வச்சிருக்கோம்.
அளக்க வாங்க.’

நாற்பத்தொன்றாவது மனு,
அந்த நன்செயை மஞ்சளாக்கக் கேட்டது.
மனை எண் 17, மூன்றேகால் சென்ட்.
ஒப்பம்: வே. உச்சிமாகாளி.
அந்த ‘ளி’யின் சுழி எனக்குத் தெரியும்,
தினமும் பால் கணக்கு நோட்டில் பார்க்கிறேன்.
மனைக்கு முன்பணம் கட்டிய நகைக்கடனில்
அடகு போனது என் வளையல்.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன்,
இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று.
ஞானதிரவியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘அங்க மனை வாங்காத ஆளா?
அப்படிப் பார்த்தா இந்த ஆபீஸ்ல
பேனா பிடிக்க ஒருத்தரும் மிஞ்சமாட்டாம்மா.’

சனிக்கிழமை இருவருமாய்ப் போனோம்.
வெள்ளையடித்த நான்கு கல்.
நடுவில் நின்றபோது செருப்பு உள்ளே இறங்கியது.
இழுத்தேன், வார் அறுந்தது.
பக்கத்து மனைக்கல்லின் மேல் ஒரு கொக்கு
பட்டா உள்ளவர் மாதிரி நின்றது.
அவர் கேட்டார்:
‘இங்க வேண்டாம்னா பின்ன எங்கதான் கெட்ட?
ஆறு வாடகை வீடு மாறியாச்சு.’
என்னிடம் பதில் இல்லை.
விதிகள் எல்லாம் மனப்பாடம்,
பதில் மட்டும் இல்லை.

திரும்பும் வழியில் டவுனுக்குள் வண்டி நத்தையாய் நகர்ந்தது.
சும்மா இருக்கமாட்டாமல் எண்ணினேன்:
தெற்கு ரத வீதியில் பூட்டிய மாடிகள் முப்பத்தாறு.
கீழே பாத்திரக்கடை, நகைக்கடை, அல்வாக்கடை.
மேலே புறா.
குழாய் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது,
நாலு எட்டு வைத்தால் பேருந்து.
வீடாயிருந்து சரக்கறையாகி
சரக்கும் காலியான அறைகள்.
சொன்னேன்.
‘மாடியிலயா?
ஏட்டி, நம்ம கட்டிலு ஏறுமா அந்தப் படியில?’

திங்கட்கிழமை எழுதினேன்:
‘புல எண் 212, பாசனப் பரப்பு.
வகைமாற்றம் பரிந்துரைக்கப்படவில்லை.’
யாரும் கேட்காத இணைப்பு ஒன்றும் வைத்தேன்,
முப்பத்தாறு கதவு எண்கள்.
கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது.
பச்சையாகவே திரும்புமா,
வழியில் பழுத்துவிடுமா, தெரியாது.

ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை.
சாப்பாடு போட்டால் சாப்பிட்டார்,
அவ்வளவுதான்.
பத்தாம் நாள் காலை, பால் நோட்டில்
‘அரை லிட்டர்’ என்பதற்குப் பக்கத்தில்,
ஓரமாய், பென்சிலில்:
கட்டில் அகலம் நாலேகால் அடி.

படியின் அகலத்தை
நான் இன்னும் அளக்கவில்லை.