தரைதட்டிய ஞாயிறு

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் குஷ்ரூவிடம்
ஒரு பாய்மரப் படகு இருப்பது
வாய் திறந்தபடி நான் கேட்ட செய்தி.
மறுப்புச் சொல்ல முடியாத அந்த நிலையில்
ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டார்.

மஜ்காவில் ஏறினோம், பத்தரை மணிக்கு.
இருபத்திரண்டு அடி. பெயர் ஷிரீன்.
யார் அவள் என்று நான் கேட்கவில்லை.
பாய் ஏறும்போது, கொடியில் காயும் போர்வை மாதிரி
இரண்டுதரம் அறைந்துகொண்டது. பிறகு
கச்சான் வந்து வயிற்றைத் தடவியதும்
பேச்சை நிறுத்தியது.

சேவ்ரியின் எண்ணெய்த் தொட்டிகள் பின்னால் போயின.
டிராம்பே அணுவுலையின் குவிமாடம்
வெந்து முடிந்த இட்லியாய் வெளுத்திருந்தது.
கிட்டப் போகக்கூடாது, சட்டம்.
விலகிப் போனோம். ஆலாக்கள் மட்டும்
யாரையும் கேட்காமல் உள்ளே போய்வந்தன.

கழி வடக்கே திரும்பியது.
ஏற்றம் முதுகில் கைவைத்துத் தள்ள, வாஷி பாலம்.
பதினேழு வருஷம் அதன்மேல் போய்வருகிறேன்,
கீழே உள்ள தண்ணீரை முழுதாகப் பார்த்ததில்லை:
யாருடைய அக்குளோ, யாருடைய பையோ
எப்போதும் நடுவில்.

பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில்
குறுக்கும் நெடுக்குமாய் ஓட்டிக்கொண்டே
தக்காளி சாண்ட்விச் தின்றோம்.
ஏற்றம் எப்போது வற்றமானது என்று
இருவருமே பார்க்கவில்லை.

ஷிரீன் நின்றாள்.
சத்தமே இல்லை. பாய் நிறையக் காற்று,
ஆனால் கரையோர அலையாத்திகள் நகரவில்லை.
மோட்டாரைப் போட்டார். அது சேற்றைக் குடித்து
இருமி அணைந்தது.
துடுப்பால் குத்தினேன். இறங்கியது, இன்னும் இறங்கியது,
வெளியே வரும்போது கறுப்புச் சாக்ஸ் போட்டிருந்தது.

"இழுக்காதீங்க" என்றார் டாக்டர்,
எனக்கு நன்றாகத் தெரிந்த குரலில்.
"அவசரப்பட்டா வேர் முறிஞ்சிடும்.
இனி ஒன்பது மணிக்குத்தான்."

வீட்டுக்குப் போன் செய்தேன்.
எங்க இருக்க?
சேத்துல.
எந்த ஸ்டேஷன் பக்கம்?

தண்ணீர் போகப் போக
அடியிலிருந்து ஓர் ஊர் மேலே வந்தது.
ஒற்றைக் கை பெருத்த நண்டுகள்,
ஒவ்வொன்றும் தன் வளைவாசலில் நின்று
யாரையோ வா வா என்று.
மீனாக இருப்பதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்காத மீன்கள்
சேற்றின்மேல் துள்ளித் துள்ளி.

பிறகு பூநாரைகள்.
தொலைவில் ரோஸ் சாக்கட்டியால் கிழித்த கோடு.
அந்தக் கோடு நடந்து வந்தது.
நாங்கள் மிதந்துகொண்டிருந்தால் பறந்திருக்கும்.
மாட்டிக்கொண்டவர்களிடம் பயம் இல்லை போல.
ஐம்பதடி. முப்பதடி.
தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாய் வைத்து
தங்கள் கால்களுக்கிடையில் எதையோ தொலைத்தவைபோல
சேற்றை வடிகட்டின.
அந்தச் சத்தத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை:
மாதக் கடைசியில் எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவின்
மொத்தக் கீபோர்டுகள்.
ரயிலிலிருந்து நான் அழகு என்று நினைத்தது
மும்முரமான சாப்பாட்டு வேளை.

குஷ்ரூ பைனாகுலரில் வாய்களை ஆராய்ந்தார்.
"பல்லே கிடையாது. சீப்பு மாதிரி ஏதோ இருக்கு."
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

இருட்டியதும் அலையாத்திக்குள்ளிருந்து
ஒரு நரி.
எதிர்க்கரையில் இருபது மாடி விளக்குகள், இங்கே நரி.
விளிம்பில் நின்று எங்களை முகர்ந்தது,
மிச்ச சாண்ட்விச்சையும் முகர்ந்திருக்கும்,
இரண்டும் வேண்டாமென்று
நண்டு தோண்டப் போனது.

பன்வெல் லோக்கல் பாலத்தில் போனது.
கதவில் தொங்கிய ஒருவன் கையசைத்தான்,
இல்லை, காற்றைப் பிடித்துப் பார்த்தானோ.
நான் அசைத்தேன்.

எட்டே முக்காலுக்கு அடிவயிற்றில் ஓர் அசைவு.
மறுபடி.
டாக்டர் விரல் உயர்த்தினார்: இருங்க.
ஆடும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல
அவளை இந்தப் பக்கம் சாய்த்தோம், அந்தப் பக்கம் சாய்த்தோம்,
வந்துவிட்டாள்.

அவள் கிடந்த பள்ளம் நிரம்பியது.
நரி நின்ற இடமும்.
பறவைகள் எப்போது போயின என்று
அதையும் நாங்கள் பார்க்கவில்லை.