தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பவள் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது.
தொழிலின் முதல் விதி அது.
எவேலியோ 'நான்' என்றால் நானும் 'நான்'.
ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால்,
நெப்ராஸ்காவில், சோளம் அறுத்து முடிந்த ஓர் ஊரில்,
வெப்பக்குழாய் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த நீதிமன்ற அறையில்
பத்து விரலும் மடிமேல் கிடக்கச் சொன்னேன்:
"மார்ச் ஒன்பதாம் தேதி, இரவு ஷிப்டில்,
என் சுட்டுவிரலை இழந்தேன்."

அதற்குமுன் சத்தியம்.
வலக்கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார்.
சுருக்கெழுத்துக்காரி மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு
உடனே விசைகளுக்குத் திரும்பினாள்.

வழக்கறிஞர் மார்லிஸ் ஹோல்முக்கு
டயர் கடைக்கு மேலே அலுவலகம்.
ஜெயித்தால் பங்கு, தோற்றால் காபி என் செலவு
என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.
சட்டத்தின் பட்டியலை எவேலியோ பக்கம் திருப்பி வைத்தார்:
கட்டைவிரலுக்கு அறுபது வாரம்,
சுட்டுவிரலுக்கு முப்பத்தைந்து,
அப்படியே இறங்கி, சுண்டுவிரலுக்குப் பதினைந்து.
நுனிக் கணு மட்டும் என்றால் பாதி.
எவேலியோ சிரித்தார்.
"எங்கள் தொழிற்சாலைச் சுவரில்
மாட்டுக்கும் இப்படி ஒன்று ஒட்டியிருக்கிறது."
அதைச் சொன்னேன். சிரிப்பையும் மொழிபெயர்க்க வேண்டுமா
என்று விதியில் இல்லை.

வழக்கு இவ்வளவுதான்: ஒரு கணுவா, இரண்டு கணுவா.
காப்பீட்டுக் கம்பெனியின் மருத்துவர் ஒன்று என்றார்.
எக்ஸ்ரே இரண்டு என்றது.
நடுவே பதினேழரை வாரம்.
விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்;
வீக்கம் வடிந்த பிறகும்
எட்டு மாதம் விரலை அளந்துகொண்டிருந்தார்கள்.

கம்பிக் கையுறை கிழிந்திருந்ததை,
வேறு கேட்டு மூன்று முறை நின்றதை,
அன்றிரவு பட்டையின் வேகத்தைக் கூட்டியதை
அவருக்குச் சொல்லியாக வேண்டும்.
"தேவையில்லை" என்றார் மார்லிஸ், மெதுவாக.
"யார் தப்பு என்று இங்கே கேட்க மாட்டார்கள்.
நீங்கள் நிரூபிக்க வேண்டாம்,
அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம்.
நூறு வருஷத்துப் பேரம் அது."
"அப்படியென்றால் எங்கேதான் கேட்பார்கள்?"
கேட்டேன், அவராக.
மார்லிஸ் பேனாவுக்கு மூடி போட்டார்.

பத்தரைக்குத்தான் எனக்கு உறைத்தது.
அவர் 'இழந்தேன்' என்று சொல்லவில்லை.
'எடுத்துக்கொண்டார்கள்' என்றார்.
பழக்கத்தில் என் வாய் நழுவியிருக்கிறது.
சாவியை இழக்கலாம். சீட்டாட்டத்தில் பணத்தை.
ஆங்கிலத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்,
விரல் தானாக இறங்கி எங்கோ போய்விட்டதுபோல.

கையைத் தூக்கினேன்.
எனக்காகப் பேசும்போது 'நான்' கூடாது, அது இரண்டாம் விதி.
"மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழையைத் திருத்த விரும்புகிறார்"
என்றேன், அறையில் இல்லாத ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.
"வழக்குக்கு இதனால் வித்தியாசம் உண்டா?"
இல்லை என்றார் கம்பெனி வக்கீல்.
மார்லிஸும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது,
என்னைப் பார்த்துக்கொண்டே.
"சரி, பதியுங்கள்."
விசைகள் கொஞ்ச நேரம் தட்டின. பிறகு குழாய்.

தீர்ப்பு டிசம்பரில் தபாலில் வந்தது.
இரண்டு கணு. முப்பத்தைந்து வாரம், மார்லிஸின் பங்கு போக.
திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சாட்சியப் பதிவில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது அது,
இனி யாரும் புரட்டத் தேவையில்லாத பக்கம்.

அன்று வாசற்படியில் முதல் பனி தூறியது.
எவேலியோ கையுறை மாட்டினார்.
சுட்டுவிரலின் இடம் காலியாகத் தொங்கியது.
அதை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டே கேட்டார்:
"நடுவில் நீயாக எழுந்து என்னவோ சொன்னாயே, என்ன அது?"

"நீங்கள் சொன்னதை."