கீழ்க்கொட்டாவி

ராத்திரி இரண்டு நாற்பது.
பெங்களூர், மாரத்தஹள்ளி, ஆறாவது மாடி.
மாசிலாமணி என்கிற நான்
ஹெட்செட் மாட்டியதும் மேசன்.

"என்ன தொலைந்தது ஐயா?"
"ஊர்."

ஊர் தொலைந்ததற்கு
எங்கள் திரையில் கட்டமில்லை.
கார் உண்டு, சைக்கிள் உண்டு,
நாய் தின்ற பல்செட்டுக்குக்கூடத்
தனித் தலைப்பு உண்டு.
'மற்றவை'யைத் தட்டிவிட்டுக் கேட்டேன்:
"ஊர் என்றால், எந்த அளவு?"
"நாலடிக்கு ஒன்றரை.
வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து."

பேசியவர் க்ளட்டர்பக்,
இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து ஊராட்சிக்குக்
கணக்கு எழுதுகிறவர்.
ஊரின் பெயர் நெதர் யானிங்.

வேலை நேரத்தில் தமிழ் கூடாதென்று
சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
மனசுக்கு ஏது சுவர்?
அது பாட்டுக்கு மொழிபெயர்த்துவிட்டது:
கீழ்க்கொட்டாவி.

மேற்கொட்டாவியும் உண்டா என்று கேட்க
நாக்கு துடித்தது. அவரே சொன்னார்:
"அப்பர் யானிங்காரர்கள்தான் எடுத்திருப்பார்கள்
என்கிறாள் என் மனைவி.
அவர்களுக்குத் தபால் பெட்டி
ஒன்று கூடுதல், அந்தத் திமிர்."

இது ஒன்பதாவது பலகை.
முதலாவது கல்லூரிப் பையன்களோடு போயிற்று.
மூன்றாவது ஒரு பல் டாக்டரின்
வரவேற்பறையில் அகப்பட்டது.
ஆறாவதன் கீழே நின்று
வாயைப் பிளந்து படமெடுத்த புதுமணத் தம்பதி
ஞாபகார்த்தமாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

"பெயரை மாற்றிவிடலாமே ஐயா?"
"மாற்றக் கூட்டம் போட்டோம்.
தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள்
பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.
மீதிப்பேர் வாயைத் திறந்தார்கள்.
ஆட்சேபிக்கத்தான் திறந்தார்கள் என்று
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்."

போன தடவை ரசீதில் பிழையாம்.
பெயரை ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார்.
"யா" என்று தொடங்கினேன்.
சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை,
மூன்று நாளாக ராத்திரி ஷிஃப்ட்.
திறந்த வாய் திறந்தபடி நின்றது,
தாடை சொடுக்கியது,
கண்ணில் நீர் கோத்துத் திரை மங்கியது,
கடைசியில் எங்கிருந்தோ ஒரு "னிங்" வந்து விழுந்தது.

மறுமுனையில் மௌனம்.
போச்சு, வேலை போச்சு.

"அற்புதம்" என்றார் க்ளட்டர்பக்.
"லண்டன்காரர்கள்கூட
இவ்வளவு திருத்தமாகச் சொல்வதில்லை."
பிறகு தன் பங்குக்கு அவரும் சொன்னார்,
நீளமாக.

பக்கத்து சீட் நாகவேணிக்கு ஒட்டியது.
அவளிடமிருந்து லின்சனுக்கு.
லின்சனின் போன் வழியாக
ஸ்காட்லாந்தில் ஒரு கப்பல் இன்ஜினியருக்கு.

"உங்களுக்கு எந்த ஊர், மேசன்?"
'பக்கத்தில்தான்' என்று சொல்லத்தான் பயிற்சி.
கொட்டாவி விட்ட வாயில் பொய் வரவில்லை.
"டின் ஃபேக்டரி."
"அங்கே வேலையா?"
"இல்லை ஐயா, அதுதான் ஊர்."

சிரித்தார்.
ஒன்பது முறை கொட்டாவியைத் தொலைத்த மனிதர்
என் ஊரைக் கேட்டுச் சிரித்தார்.

"டின் செய்கிறார்களா?"
"நாலு வருஷமாக இருக்கிறேன்,
ஒரு டப்பா என் கண்ணில் படவில்லை.
பஸ் நிற்கிறது, லாரி நிற்கிறது,
மழை வந்தால் தண்ணீரும் நிற்கிறது."
"ஃபேக்டரி எங்கே போயிற்று?"
"உங்களுக்கு நேர் எதிர் ஐயா.
யாரோ ஃபேக்டரியைத் தூக்கிக்கொண்டு
பேரை மட்டும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"க்ளெய்ம் போட்டீர்களா?" என்றார்,
நிஜமான அக்கறையோடு.

வெள்ளிக்கிழமை, தரக்கட்டுப்பாட்டு சுமித்ரா பட்
பதிவை ஓடவிட்டுக் கேட்டாள்.
"ஏழாம் நிமிஷம். வாடிக்கையாளரிடம் கொட்டாவி.
பத்து மார்க் கட்."
"அது முகவரி மேடம்."
திரும்பவும் ஓடவிட்டாள்.
கேட்டாள்.
அவசரமாகக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.
பத்தில் ஐந்தைத் திருப்பிப் போட்டாள்.

"மிச்சம் ஐந்து எதற்கு?"

"டின் ஃபேக்டரி என்று
உண்மையைச் சொன்னதற்கு."