தடைக்காலம் நீங்கலாக

பத்து ஆண்டு, இதே டயாலிசிஸோடு.
இல்லையென்றால் முழு நலத்தோடு, கொஞ்சம் குறைவாக.
எத்தனை ஆண்டை விட்டுக்கொடுப்பீர்கள்?

மூக்கையூரில் இது என் பதினேழாவது வீடு.
லிகோரி என் தாளைத் திருப்பிப் பார்க்கிறார்.
சதுரம், நாம் எடுக்கும் முடிவு.
வட்டம், நம் கையில் இல்லாதது.
"வட்டம் நெறைய இருக்கே" என்கிறார்.

பிறகு,
"அந்தப் பத்து வருசத்துல
தடைக்காலம் அறுபத்தோரு நாளும் சேத்தியா?
அப்ப மிசினு ஒண்ணும் தெரியாது.
வீட்டுல சும்மா கெடக்குறதுக்கு
ஆஸ்பத்திரியில கெடக்குறேன்.
வாடை ஓஞ்சு, தண்ணி தெளிஞ்சு,
பக்கத்து வத்தை போகுற சத்தம் கேக்குறப்பதான்
ஊசி குத்துன கை கனக்கும்."

ஒரே நோய்க்குக் காற்றுக்கொரு மதிப்பு.
என் சூத்திரமோ
ஆண்டு முழுவதுக்கும் ஒரே எண்ணைக் கேட்கிறது,
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்.

உள்ளேயிருந்து செலஸ்தீனா:
"சாயல்குடி மாறி ராமநாதபுரம்,
ரெண்டு பேரு, வாரம் மூணு தடவ.
பஸ்சுக் காச எந்தக் கட்டத்துல எழுதுவ?"
செலவு அரசாங்கத்தின் பக்கமிருந்து மட்டும், என்றேன்.
"அப்ப நாங்க எந்தப் பக்கம்?"

கடைசியில் லிகோரி நாலு என்றார்.
பத்தில் நாலு போக, புள்ளி ஆறு.
பென்சிலால் எழுதினேன்.

"இரு, இரு.
கொறச்சுப் போட்டா, இவனுக்கு எதுக்குன்னு
மிசின நிறுத்திருவாகளா?
கூடப் போட்டா, நல்லாத்தானே இருக்கான்னு
விட்ருவாகளா?"

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.
அதற்கும் ஒரு வட்டம் போட்டிருக்க வேண்டும் நான்.

"ரப்பர் இருக்கா?" என்று
கையை நீட்டினார்.